சபைகளை இணைக்கலாம், இருக்கைகளை இணைக்க முடியுமா?

ரொறன்ரோவில் யங் வீதியும் எக்லின்ரன் வீதியும் சந்திக்கும் பகுதியில் எழும்பும் கொண்டோ அடுக்குமாடிகளின் வேலியில் கல்விச் சபையின் அறிவித்தல் பலகையைப் பார்க்கலாம். இந்தக் கட்டடத்துக்குக் குடிவரும் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லாமல் போகலாம், வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டி வரலாம் என்பது அதன் சாரம். வீடு வாங்குபவர் ஒப்பந்தத்திலும் இதே எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். அதே கல்விச் சபையின் வேறு பள்ளிகளிலோ மாணவர் இல்லாமல் வகுப்பறைகள் கிடக்கின்றன.

பிள்ளைகள் கூடிவிட்டார்களா, குறைந்துவிட்டார்களா என்று கேட்டால் இரண்டும் சரி என்றே சொல்ல வேண்டும். கூடிய இடத்தில் பள்ளி கட்டவோ நிலம் வாங்கவோ ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபைக்குச் சட்டம் விட்டிருக்கும் வழி மிகவும் ஒடுங்கியது. பணத் தட்டுப்பாடு இதற்குப் பாதிக் காரணம்தான். 1998இல் ஏழு சபைகள் ஒன்றானபோது இருக்கைகளை எண்ணும் எல்லையும் ஒன்றாகிப் போனது மற்றப் பாதி. சபை இணைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிர்வாகச் செலவையும் சம்பளத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்த எண்ணும் எல்லை அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

அந்த இணைப்புக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊர் இதைவிட நன்றாகச் செய்திருந்தது என்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

1954: கடனை மட்டும் பொதுவாக்கியது

1951இல் ரொறன்ரோவின் கிழக்குப் புறநகரான ஸ்காபரோவில் ஏறக்குறைய 56,000 பேர் இருந்தார்கள். 1961இல் அது 2,17,000ஐத் தாண்டிவிட்டது. நோர்த் யோர்க், எற்றோபிக்கோ கதையும் அதுதான். போர் முடிந்து திரும்பியவர்கள் தோட்ட நிலங்களில் வரிசை வரிசையாக வீடு கட்டிக் குடியேறினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று பிள்ளைகள். பள்ளிச் செலவின் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்த காலம் அது. தொழிற்சாலையும் அலுவலகமும் அதிக வரி கட்டும், பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாது. வீடு குறைந்த வரி கட்டும், பிள்ளைகளை அனுப்பும். ஆகவே வீடுகள் மட்டும் பெருகிய ஊர்ச் சபை, பிள்ளைகள் கூடக் கூட ஏழையானது. பள்ளி கட்டக் கடன் பத்திரம் வெளியிட்டால் சந்தை கூடிய வட்டி கேட்டது. நகரத்தின் நடுவிலிருந்த பழைய ரொறன்ரோச் சபையிடம் வங்கிகளும் கடைத்தெருக்களும் கட்டும் வரி இருந்தது, பிள்ளைகளின் பெருக்கம் அந்த அளவுக்கு இல்லை.

1953இல் ஒன்ராறியோ மாகாண அரசு சட்டம் இயற்றி, 1954 ஜனவரி 1 முதல் பெருநகர ரொறன்ரோ என்ற கூட்டு அமைப்பை உருவாக்கியது. அதில் 13 ஊராட்சிகளும் 11 கல்விச் சபைகளும் இருந்தன. லேக்ஷோர் பகுதியின் மூன்று சிறு ஊர்கள் ஒரே சபையை வைத்திருந்ததால்தான் இரண்டு குறைவு. இந்த 11 சபைகளையும் கலைக்கவில்லை. அவற்றுக்கு மேலே பெருநகரக் கல்விச் சபை ஒன்றை வைத்தார்கள். அதில் நகரத்துக்கும் புறநகர்களுக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள்.

வேலைப் பிரிவினைதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆசிரியரை நியமிப்பது, பள்ளியை நடத்துவது, எல்லைக்கோடு கீறுவது எல்லாம் உள்ளூர்ச் சபையிடமே இருந்தன. எங்கே பள்ளி கட்டலாம், அதற்கு எவ்வளவு கடன் என்று ஒப்புதல் தருவது மேல்சபையின் வேலை. கடனை முழுப் பெருநகரத்தின் நம்பகத்தை வைத்து எடுத்தார்கள். ஸ்காபரோவின் பள்ளிக்கூடத்துக்கான கடனைத் திருப்பிக் கட்டியதில் ரொறன்ரோ நகரின் வங்கிக் கட்டடங்களுக்கும் பங்கு இருந்தது. கட்டடச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் ஆடம்பரம் வேண்டுமென்றால் உள்ளூர்ச் சபை தன் வரியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இருக்கைத் தேவையை எண்ணியது உள்ளூர் அளவில், பணம் திரட்டியது பெருநகர அளவில். இந்த ஒரு ஏற்பாடுதான் ஐம்பதுகளின் வெள்ளத்தைத் தாங்கியது.

குறை இல்லாமல் இல்லை. நடைமுறைச் செலவுக்கு மேல்சபை தந்த உதவி எல்லாச் சபைக்கும் தலைக்கு ஒரே தொகை. போரஸ்ட் ஹில் போன்ற பணக்கார ஊர் அதன் மேல் தன் வரியைக் கொட்டிச் சிறு வகுப்புகள் வைத்துக்கொண்டது. புறநகர் ஏழைச் சபை அந்த உதவித் தொகையோடு நின்றது. கோல்டன்பேர்க் தலைமையிலான ஆணைக்குழு 1965இல் அறிக்கை கொடுத்தது. 1967இல் 13 ஊராட்சிகள் ஆறாயின, கல்விச் சபைகளும் ஆறாயின. பெருநகரம் முழுக்க ஒரே வரி வீதம் விதித்து, தேவையைப் பார்த்துப் பங்கிடும் அதிகாரம் மேல்சபைக்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகளில் மாணவர் தொகை உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. இன்று ஸ்காபரோவில் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் பாதி நிரம்பிய பள்ளிகளாக நிற்பவற்றில் பல அந்த அவசரத்தில் கட்டியவை.

1998: எல்லாவற்றையும் ஒரே நாளில்

1997 ஏப்ரலில் நிறைவேறிய சட்டம் ஒன்ராறியோவின் 129 பெரிய சபைகளை 72 ஆக்கியது. ஆங்கிலப் பொதுச் சபை 31, ஆங்கிலக் கத்தோலிக்கச் சபை 29, பிரெஞ்சுப் பொதுச் சபை 4, பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சபை 8. ரொறன்ரோ, நோர்த் யோர்க், ஸ்காபரோ, எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க் என்ற ஆறும் மேல்சபையும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று இலட்சம் மாணவரைக் கொண்ட ஒரே சபை ஆனது. உறுப்பினர் 22 பேர், ஆளுக்குச் சுமார் 13,600 மாணவர். அவர்களுடைய ஆண்டுக் கொடுப்பனவுக்கு 5,000 டொலர் உச்சவரம்பு வைத்தார்கள். செலவு மிச்சம் என்று அரசு மேடைகளில் காட்டியது இதைத்தான். மொத்த வரவு செலவில் அது கடுகளவு.

அந்த ஆண்டின் இறுதியில் வந்த இரண்டாவது சட்டம்தான் கனமானது. சபைகள் வரி விதிக்கும் உரிமையை அது பறித்தது. கல்விக்கான சொத்து வரி வீதத்தை மாகாணமே நிர்ணயித்து, மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற சூத்திரப்படி பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. 1,26,000 ஆசிரியர்கள் 1997 ஒக்டோபர் 27 முதல் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தது இந்தச் சட்டத்துக்கு எதிராகத்தான்.

நாட்காட்டியைப் பார்த்தாலே குளறுபடி தெரியும். இணைப்பு 1998 ஜனவரி 1, பள்ளி ஆண்டின் நடுவில். எல்லா ஆசிரியர் ஒப்பந்தமும் 1998 ஆகஸ்ட் 31இல் காலாவதி. புதிய நிதிச் சூத்திரம் செப்டெம்பர் 1 முதல். நிதியாண்டையே ஜனவரி–டிசெம்பரிலிருந்து செப்டெம்பர்–ஆகஸ்டுக்கு மாற்றியதால் இடையில் எட்டு மாதத்துக்கு ஒரு குட்டிக் கணக்கு வேறு. புதுச் சபைக்கு எத்தனை கட்டடம், எத்தனை ஊழியர் என்று பட்டியல் சரிபார்க்க முன்பே முழு மாகாணத்திலும் சம்பளப் பேச்சு தொடங்கிவிட்டது. எந்த ஊரில் சபைகளை இணைத்தாலும் இந்த மூன்று தேதிகளையும் ஒன்றரை ஆண்டாவது தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். முதலில் கணக்கும் சொத்தும், பிறகு நிதிச் சூத்திரம், கடைசியில் சம்பள ஒப்பந்தம். தலைகீழாகச் செய்தால் என்ன தொகை கையில் வரும் என்று தெரியாமலே சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட நேரும்.

சம்பளம் ஏன் எப்போதும் மேலே போகிறது

ஆறு சபைக்கு ஆறு சம்பளப் படிநிலை. ஒன்றாக்கும்போது குறைந்தவருக்கு ஏற்றத்தான் முடியும், கூடியவருக்கு இறக்க முடியாது. ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் நிற்கும் இருவருக்கு வேறு வேறு சம்பளம் என்பதை எந்தத் தொழிற்சங்கமும் அதிக நாள் பொறுக்காது. ஆகவே முடிவில் எல்லாரும் உயர்ந்த படிக்கு அருகில் போய் நிற்பார்கள். சூத்திரமோ மாகாணச் சராசரிச் சம்பளத்துக்குத்தான் பணம் தந்தது. ரொறன்ரோச் சம்பளம் சராசரிக்கு மேலே. அந்த இடைவெளியை முன்பு உள்ளூர் வரி நிரப்பியது. இப்போது அந்த வரி இல்லை.

ஆசிரியரல்லாத ஊழியருக்கு, அதாவது துப்புரவாளர், அலுவலர், கல்வி உதவியாளர் முதலானோருக்கு, பொதுத்துறை மாற்றக்கால தொழிலுறவுச் சட்டம் 1997இல் வந்தது. அதன் நடைமுறை தெளிவானது. பழைய தொழிற் பிரிவுகளைப் புதிய பிரிவுகளாக வகுப்பது முதற்படி. ஒரே பிரிவில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் வந்தால் தொழிலுறவுச் சபை வாக்கெடுப்பு நடத்தும். வென்ற சங்கம் எல்லாருக்கும் பேசும். புது ஒப்பந்தம் வரும்வரை பழைய ஒப்பந்தங்கள் ஒரே கோப்பின் பகுதிகளாக அவரவருக்குத் தொடரும். பணிமூப்புப் பட்டியல்கள் வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி ஒன்றோடொன்று கோர்க்கப்படும். இந்தக் கோர்ப்பில்தான் சண்டை வரும். ஒரு சபை தற்காலிகப் பணிக் காலத்தையும் மூப்பில் சேர்த்திருக்கும், இன்னொன்று நிரந்தரமான நாளிலிருந்து எண்ணியிருக்கும். பட்டியலைக் கோர்ப்பதற்கு முன் மூப்பை எண்ணும் விதியை ஒன்றாக்காவிட்டால், ஆட்குறைப்பு வரும் அன்று ஒவ்வொரு பெயரும் முறைப்பாட்டுக் கோப்பாகும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியரின் இரண்டு சங்கங்கள் 1998இல் தாங்களாகவே ஒன்றாகிவிட்டன. சபைகளின் இணைப்பைவிட அது ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் கோபிப்பவர் குறைவு.

ஈயடிச்சான் கணக்கு

இனி அறிவித்தல் பலகைக்கு வருவோம்.

சூத்திரம் கட்டடத்தைச் சதுர அடியில் பார்த்தது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு 100 சதுர அடி, உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு 130. சூடாக்க, கூட்டிப் பெருக்க, பழுது பார்க்கச் சதுர அடிக்கு 5.20 டொலர். பழைய கட்டடங்களின் அகன்ற நடைவழிக்கும் உயர்ந்த கூரைக்கும் இது போதவில்லை. 500 இருக்கை உள்ள பள்ளியில் 250 பேர் படித்தால் 250 பேருக்கான பணம்தான் வரும். பின்னர் சேர்த்த மேலதிகத் தொகை கொள்ளளவில் ஐந்திலொன்றுக்கு ஈடு செய்தது, அப்போதும் 350 இருக்கைக்கு மேல் ஏறாது. எஞ்சிய 150 இருக்கையைச் சூடாக்கும் செலவு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். நீச்சல் தடாகத்துக்குச் சூத்திரத்தில் இடமே இல்லை. முன்பு சொந்த வரியில் தடாகம் கட்டிய ரொறன்ரோச் சபைக்கு அவை பெரும் தலையிடி ஆனதற்கு அதுதான் காரணம்.

புதிய இருக்கைக்கு வேறு மானியம் இருந்தது. சதுர அடிக்கு ஆண்டுக்கு 11 டொலர், 25 ஆண்டுகளுக்கு. அதைக் காட்டிக் கடன் எடுத்துப் பள்ளி கட்டலாம். ஆனால் சபை முழுவதிலும் உள்ள மாணவர் தொகை, சபை முழுவதிலும் உள்ள கொள்ளளவைத் தாண்டினால்தான் அது கிடைக்கும். தொடக்கம் தனி, உயர்நிலை தனி என்று பிரித்துப் பார்த்தார்களே தவிர, பகுதி பகுதியாகப் பார்க்கவில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு. கிழக்குச் சபையில் 30,000 இருக்கை, 24,000 மாணவர். வடக்குச் சபையில் 10,000 இருக்கை, 12,500 மாணவர். தனித்தனியாக இருந்தவரை வடக்குக்கு 2,500 இருக்கை தட்டுப்பாடு, மானியம் கிடைக்கும். வகுப்புக்கு 23 பேர் என்றால் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட அறைகள், நான்கைந்து பள்ளிகள். இரண்டையும் இணைத்த அன்று 40,000 இருக்கை, 36,500 மாணவர். தட்டுப்பாடு மறைந்துவிட்டது, 3,500 இருக்கை மிச்சம் என்று தாள் சொல்கிறது. வடக்கில் ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை.

நிலம் வாங்கும் கட்டணத்துக்கும் இதே விதிதான். புது வீடு கட்டுபவரிடம் கல்வி அபிவிருத்திக் கட்டணம் வசூலித்துப் பள்ளிக்கான காணியை வாங்கலாம். அந்தப் பணத்தைக் கட்டடத்துக்குத் தொட முடியாது. ஆனால் வசூலிக்கும் தகுதி பெற, அடுத்த ஐந்து ஆண்டுகளின் சராசரி மாணவர் தொகை சபை முழுவதின் கொள்ளளவை மிஞ்ச வேண்டும். அல்லது முன்பு வாங்கிய காணியின் கடன் அந்தக் கணக்கில் எஞ்சியிருக்க வேண்டும். ரொறன்ரோப் பொதுச் சபை இந்தத் தகுதியை எட்டவில்லை. ரொறன்ரோக் கத்தோலிக்கச் சபை எட்டியது. ஆகவே யங் வீதியில் எழும் ஒரே கொண்டோவிலிருந்து கத்தோலிக்கப் பள்ளிக் காணிக்குப் பணம் போகிறது, பொதுப் பள்ளிக் காணிக்கு ஒரு சதமும் போவதில்லை. பெருநகரச் சுற்றிலுள்ள பீல், யோர்க், டுறம் பிரதேசச் சபைகள் வளரும் சபைகளாக இருந்ததால் இந்தக் கட்டணத்தை வசூலிக்க முடிந்தது. மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பிறம்ரனிலும் புதுக் குடியிருப்போடு புதுப் பள்ளி வந்ததில் இதற்குப் பங்கு உண்டு. அங்கேயும் காணி முன்னே, கட்டட ஒப்புதல் பின்னே என்பதால் இடைக்காலத்தில் பிள்ளைகள் போர்ட்டபிள் எனும் நகர்த்தக்கூடிய வகுப்பறைக் கொட்டகைகளில் இருந்தார்கள்.

பணத்தை எவ்வளவு பெரிய வட்டத்திலும் திரட்டலாம். இருக்கைத் தேவையைப் பிள்ளை நடந்து போகக்கூடிய வட்டத்தில்தான் எண்ண வேண்டும். 1954இல் இருந்த இந்தப் பிரிவு 1998இல் இல்லாமல் போனது. ஆறு வயதுப் பிள்ளையை ஸ்காபரோவின் மால்வேர்னில் உள்ள வெற்று இருக்கைக்கு எக்லின்ரனிலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதாகத்தான் அந்தச் சூத்திரம் மனதில் நினைத்தது.

2005க்குப் பிறகு வளரும் பகுதிக்கென்று தனி ஒதுக்கீடுகள் வந்தன. இப்போது ஒவ்வொரு பள்ளிக்கும் சபை தனியாக விண்ணப்பம் எழுதி, மாகாணம் முன்னுரிமைப்படி தெரிவு செய்யும் முறை நடக்கிறது. அந்த விண்ணப்பத்திலும் அருகிலுள்ள பள்ளிகளின் வெற்று இருக்கைகளைக் காட்டி, ஏன் அவை உதவாது என்று நிரூபிக்க வேண்டும்.

வெற்றுப் பள்ளியை மூடினால் என்ன?

கேட்க நியாயமான கேள்வி. 1998 இறுதியிலேயே ரொறன்ரோச் சபை நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூட நேரும் என்று பட்டியல் போட்டது, பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், மாகாணம் இடைக்கால நிவாரணம் தந்தது. 2002இல் ரொறன்ரோ, ஒட்டாவா, ஹமில்ரன் சபைகள் சமன் செய்த வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்ற மறுத்தபோது மாகாணம் மேற்பார்வையாளர்களை நியமித்தது. 2017 ஜூன் முதல் பள்ளி மூடுவதற்கான புதிய மீளாய்வுகளுக்கே தடை. 2025 ஜூனில் ரொறன்ரோவின் இரண்டு சபைகள் உட்பட நான்கு சபைகளுக்கு மறுபடியும் மேற்பார்வையாளர் வந்தார்கள்.

மூடினாலும் காணியை விற்பது எளிதல்ல. 2023 இறுதிவரை நடைமுறையில் இருந்த 444/98ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி வேண்டாத பள்ளிக் காணியை முதலில் மற்றக் கல்விச் சபைகள், கல்லூரி, நகரசபை, மாகாணம் முதலான பொது அமைப்புகளுக்குச் சந்தை விலையில் காட்ட வேண்டியிருந்தது. காத்திருப்புக் காலம் 90 நாளாக இருந்து 2016இல் 180 நாளானது. இந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எண்பதுகளில் வெறுமையாக இருந்த பகுதி இன்று பிள்ளைகளால் நிரம்புகிறது. விற்ற காணியை அதே விலைக்கு யாரும் திருப்பித் தருவதில்லை. முழுக் காணியையும் விற்காமல் பகுதியை மட்டும் பயன்படுத்திய நல்ல உதாரணம் நோர்த் ரொறன்ரோ உயர்நிலைப் பள்ளி. மைதானக் காணியின் ஒரு துண்டைக் கொண்டோ கட்டக் கொடுத்து, அந்தப் பணத்தில் 2010இல் புதுக் கட்டடம் திறந்தார்கள்.

இன்னொரு வழி, பங்கு போடுவது. நகர மையத்தில் சிற்றிப்பிளேஸ் கோபுரங்களுக்கு நடுவே கனூ லாண்டிங் வளாகத்தில் பொதுச் சபையின் ஜீன் லம் பள்ளியும் கத்தோலிக்கச் சபையின் பள்ளியும் நகரசபையின் சமூக நிலையமும் ஒரே கட்டடத் தொகுதியில் இருக்கின்றன. 2020இல் திறந்தது. கோபுரங்கள் எழுந்து பல ஆண்டு கழித்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று அமைப்பு மூன்று தனி நிதியாண்டில் ஒப்புதல் எடுக்கும் திட்டம் எதுவும் வேகமாக நகராது.

இடைக்காலத்தில் எப்படிச் சமாளிப்பது

முதல் வேலை எண்ணுவது. இணைந்த சபைகள் ஒவ்வொன்றும் கொள்ளளவை வேறு மாதிரி எழுதி வைத்திருக்கும். ஒன்று நூலகத்தைச் சேர்த்திருக்கும், இன்னொன்று இசை அறையை விட்டிருக்கும், வேறொன்று போர்ட்டபிளையும் இருக்கையாக எண்ணியிருக்கும். ஒன்ராறியோவில் இதற்குப் பொது அளவு உண்டு. தொடக்கப் பள்ளி வகுப்பறை 23, முழுநாள் பாலர் வகுப்பு 26, உயர்நிலை 21, விசேட கல்வி அறை 9. போர்ட்டபிள் இந்த எண்ணிக்கையில் சேராது. ஆளை அனுப்பி ஒவ்வொரு அறையையும் பார்த்துப் பதிய வேண்டும். பழைய வரைபடத்தை நம்பினால் அறையாக இருந்தது களஞ்சியமாகவும், களஞ்சியம் வகுப்பாகவும் மாறியிருப்பது தெரியாது.

அடுத்தது வகுப்பு அமைப்பு. இணைந்த ரொறன்ரோவில் சில பகுதியில் பள்ளி 8ஆம் வகுப்புவரை, சில இடத்தில் 6வரை, சில இடத்தில் 7 முதல் 9வரை நடுநிலைப் பள்ளி. 9ஆம் வகுப்பு நடுநிலையில் இருக்கும் இடத்தில் உயர்நிலைப் பள்ளி வெறுமையாகத் தோன்றும், நடுநிலை நிரம்பி வழியும். ஒரு கட்டடமும் கட்டாமல் 9ஆம் வகுப்பை நகர்த்தியே சில நூறு இருக்கைகளை எடுக்கலாம். பள்ளி மூடுவதைவிட இதற்கு எதிர்ப்புக் குறைவு, செலவும் குறைவு.

பிள்ளைகளை முன்கூட்டிக் கணிப்பதற்கு இரண்டு கணக்கு வேண்டும். இருக்கும் பிள்ளைகளுக்கு, இந்த ஆண்டு 1ஆம் வகுப்பில் உள்ளவரில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு 2ஆம் வகுப்பில் இருப்பார்கள் என்ற விகிதத்தைப் பள்ளி பள்ளியாக எடுப்பது. பாலர் வகுப்புக்கு நான்கு ஆண்டு முந்திய பிறப்பு எண்ணிக்கை. வரப்போகும் பிள்ளைகளுக்கு, வீட்டு வகைப்படி வீட்டுக்கு எத்தனை மாணவர் என்ற விகிதம். இதில்தான் பெரும்பிழை நடக்கும். 400 வீடு கொண்ட கோபுரத்துக்கு வீட்டுக்கு 0.05 என்று போட்டால் 20 பிள்ளைகள். பத்துக் கோபுரம் என்றால் 200. தனி வீட்டு விலை ஏறி, குடும்பங்கள் பிள்ளை பிறந்த பிறகும் கொண்டோவிலேயே தங்கினால் விகிதம் 0.10 ஆகும். இப்போது 400 பிள்ளைகள், ஒரு முழுப் பள்ளி. பழைய கொண்டோக்களில் எடுத்த விகிதத்தைப் புதுக் கொண்டோவுக்குப் போடாமல், அதே பகுதியில் ஐந்து ஆண்டுக்கு முன் நிரம்பிய கட்டடங்களை ஆண்டுதோறும் மறுபடி எண்ண வேண்டும்.

செப்டெம்பரில் கடைசி நேர நெருக்கடி வருவதற்குக் காரணம் வகுப்பளவு விதி. பாலருக்கு மேல் 3ஆம் வகுப்புவரையான வகுப்புகளில் 90 வீதமானவை 20 பேருக்குள் இருக்க வேண்டும், எதுவும் 23ஐத் தாண்டக் கூடாது. 24ஆவது பிள்ளை வந்தால் ஒரு புது ஆசிரியர், ஒரு புது அறை. அறை இல்லாவிட்டால் 3ஆம் 4ஆம் வகுப்பைக் கலந்து ஒரு வகுப்பு. பணம் கணக்கிடும் நாட்களோ ஒக்டோபர் 31, மார்ச் 31. நவம்பரில் அகதியாக வந்து சேரும் குடும்பத்தின் பிள்ளை அந்த ஆண்டில் அரைப் பிள்ளையாகத்தான் கணக்கில் வரும்.

போர்ட்டபிள் எல்லாருக்கும் கை கொடுக்கும், யாருக்கும் பிடிக்காது. ஒன்று ஏறக்குறைய 70 சதுர மீட்டர். கோடை விடுமுறையில்தான் நகர்த்த முடியும், அதற்கான ஒப்பந்தம் வசந்த காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும், நகரசபையின் அனுமதி அதற்கும் முன்னால். தீயணைப்பு வண்டி போகும் வழியை மறைக்கக் கூடாது. மின் இணைப்புக் கொள்ளளவு போதாவிட்டால் கொட்டகையின் செலவைவிட மின்மாற்றியின் செலவு கூடும். பலவற்றில் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் இல்லை, பனியில் சிறு பிள்ளை சப்பாத்து மாட்டி உள்ளே ஓடி வர வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் வெளியே தெரியாது. 400 பேருக்குக் கட்டிய பள்ளியில் எட்டு போர்ட்டபிள் வைத்தால் வகுப்பறை கிடைக்கும், உடற்பயிற்சிக் கூடமும் நூலகமும் கழிப்பறையும் 400 பேருக்கானவையே. மதியச் சாப்பாட்டை இரண்டு முறையாகப் பிரித்தால் கண்காணிக்க ஆள் இரட்டிப்பாகும்.

எல்லைக்கோட்டை மாற்றுவதானால் ஒரு முழு ஆண்டு வேண்டும். ஏற்கெனவே படிப்பவர்களைக் கடைசி வகுப்புவரை விட்டுவிட்டு, புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் புதுக் கோடு என்று செய்தால் எதிர்ப்புத் தணியும். தம்பி தங்கைக்கும் அதே சலுகை கொடுத்தால் நெரிசல் குறைய ஆறேழு ஆண்டு ஆகும். கொடுக்காவிட்டால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பள்ளி. சலுகையை இரண்டு ஆண்டுக்கு மட்டும் கொடுத்து அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்வது நடைமுறையில் நின்று பிடிக்கும்.

வீடு தேடுகிறவர்களுக்கு

பள்ளியின் பெயரைக் கேட்டு வீடு வாங்காதீர்கள், முகவரியைப் போட்டுப் பாருங்கள். சபையின் இணையத்தளத்தில் பள்ளி தேடும் பக்கம் இருக்கிறது. புதுக் கட்டடமானால், வேறு பள்ளிக்குத் திருப்பிவிடப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அந்த முகவரி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் கோபுரமும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். பஸ் வசதி எத்தனை வகுப்புவரை, எவ்வளவு தூரத்துக்கு என்பதையும் கேளுங்கள். எல்லைக்கு வெளியேயிருந்து விருப்பத் தெரிவில் சேர்ப்பது பள்ளியில் இடம் இருந்தால்தான். நிரம்பிய பள்ளிகள் அதை மூடி வைத்திருக்கும்.

சபை முழுவதையும் ஒன்றாக எண்ணுவது நமக்கு உதவும் இடம் ஒன்றும் உண்டு. தாய்மொழி வகுப்பு. ஒரு சபையைச் சேர்ந்த 25 தொடக்கப் பள்ளி மாணவரின் பெற்றோர் எழுத்தில் கேட்டால் அந்தச் சபை வகுப்பை நடத்தியாக வேண்டும் என்பது 1989 முதல் விதி. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வரை. 25 பேரும் ஒரே பள்ளியில் இருக்கத் தேவையில்லை, ஒரே சபையில் இருந்தால் போதும். ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே மார்க்கத்தில் இருப்பவரின் கையெழுத்து ஸ்காபரோப் பட்டியலில் எண்ணப்படாது, அவர் யோர்க் பிரதேசச் சபைக்குத் தனியாக எழுத வேண்டும்.